பெயர் வேறு, பாகம் ஒன்று

நுழையும் முன்

சந்தையில் எதிரெதிரே நிற்கும் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், சாலையில் ஓடும் மகிழுந்துகளைக் கழற்றிப் பார்த்தால், வெவ்வேறு பெயர் தாங்கிய வண்டிகளுக்குள் ஒரே தொழிற்சாலையில் செய்த பாகங்கள் இருப்பது தெரியவரும். ஜப்பானிய மகிழுந்து நிறுவனங்கள் எவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன, எவற்றைத் தமக்கென வைத்துக்கொள்கின்றன, அப்பகிர்வால் விளையும் நன்மையும் இடரும் யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. தொழிற்சாலையின் பெயர் தாங்கிய நிலையம்

ஹவுராவிலிருந்து பர்த்தமான் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாடா ஆகிய நிலையங்களைக் கடந்ததும் 'ஹிந்த் மோட்டார்' என்னும் நிலையத்தில் நிற்கும். அது பழைய ஊர் ஒன்றின் பெயர் அன்று. இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்னும் தொழிற்சாலையால் வந்த பெயர். 1942-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இயங்கியது. 1948-இல் ஹூக்ளி ஆற்றின் மேற்கே உள்ள உத்தர்பாடாவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு இங்கு உருவானதே அம்பாசிடர். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சியாக உலகம் அறிந்த வண்டி அதுவே.

அந்த வளாகத்தில் இரும்பை உருக்கி வார்க்கும் பிரிவு, தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு, எஞ்சின் பகுதிகளைக் கடையும் பிரிவு எனப் பலவும் ஒருங்கே இருந்தன. வண்டிக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதியைத் தாமே செய்துகொள்வது அக்காலத்தில் பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. ஆயினும் காலம் செல்லச்செல்ல அம்பாசிடரின் பழைய எஞ்சின் புதிய வண்டிகளுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. புதிய எஞ்சின் ஒன்றை முதலிலிருந்து உருவாக்குவதற்குப் பெரும் பொருளும் பல ஆண்டு உழைப்பும் தேவை. எனவே, அந்நிறுவனம் ஜப்பானின் இசுசூ நிறுவனத்தின் உதவியை நாடியது. இசுசூவின் நுட்பத்தில் அமைந்த 1.8 லிட்டர் எஞ்சின் முதலில் கான்டெசா வண்டியிலும், 1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடரிலும் பொருத்தப்பட்டது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் வழிவந்தது. இயக்கும் ஆற்றல் ஜப்பானின் வழிவந்தது. வண்டி பிறந்ததோ வங்க மண்ணில்.

இதே நிறுவனம் 1998-இல் தமிழ்நாட்டின் திருவள்ளூரில், ஜப்பானின் மற்றொரு நிறுவனமான மிட்சுபிஷியின் லான்சர் வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் இசுசூவின் வண்டிகளும் அதே திருவள்ளூர் ஆலையில் பூட்டப்பட்டன. ஜப்பானில் தனித்தனியே போட்டியிட்ட இரு நிறுவனங்களின் வண்டிகள் தமிழ்நாட்டில் ஒரே கூரையின்கீழ் உருவாயின.

2. குமார்துலி தரும் விளக்கம்

கொல்கத்தாவில் துர்கா பூஜைக் காலத்தில் பந்தல்களுக்கிடையே கடும் போட்டி நிலவும். எந்தப் பந்தல் சிறந்தது என்பதற்குப் பரிசுகளும் உண்டு. ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவை வெல்லவே விரும்பும். ஆயினும், போட்டியிடும் குழுக்கள் பல தம் சிலைகளுக்காகச் செல்லும் இடம் குமார்துலி என்னும் ஒரே குடியிருப்பாகும். மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கட்டிய உருவத்தின்மேல் ஆற்றுக் களிமண்ணைப் பூசும் கைகள் பல குழுக்களுக்கும் பொதுவானவை. டாக் என்னும் முரசை முழக்கும் கலைஞர்களும் அவ்வாறே. பூஜைக்கு முன்னர்ச் சியால்தா நிலையத்தருகே கூடும் அவர்களை எந்தக் குழுவும் அமர்த்திக்கொள்ளலாம்.

அப்படியாயின் போட்டி எதில் நடக்கிறது? பந்தலின் கருப்பொருளில், அலங்காரத்தில், விளக்கு அமைப்பில், வருவோரை வரவேற்கும் முறையில் நடக்கிறது. காண்பவர் மனத்தில் பதிவது எதுவோ அதில் போட்டி. காண்பவர் கண்ணுக்குப் படாதது எதுவோ அதில் பகிர்வு. மகிழுந்துத் தொழிலும் ஏறத்தாழ இதே முறையில் இயங்குகிறது.

சிறு திருகாணிகளையும் சேர்த்து எண்ணினால், ஒரு மகிழுந்தில் ஏறத்தாழ 30,000 பாகங்கள் உள்ளன. அவை அனைத்தையும் ஒரே நிறுவனம் செய்வதில்லை. தடுப்புக்கருவி, விளக்கு, கண்ணாடி, இருக்கை, மின்கம்பித் தொகுதி முதலியவற்றை அவ்வவற்றில் தேர்ச்சிபெற்ற நிறுவனங்கள் செய்து தருகின்றன. இவை பாகம் வழங்கும் நிறுவனங்கள் எனப்படும். இவற்றுக்கும் மூலப்பொருள்களையும் சிறு பாகங்களையும் வழங்க வேறு சிறு நிறுவனங்கள் உண்டு. மரத்தின் அடிமரம் கண்ணுக்குத் தெரிய, வேர்கள் பல கிளைகளாக மண்ணுக்குள் பரவியிருப்பதைப் போன்றது இவ்வமைப்பு. இரு மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் பின்னிக் கிடப்பதும் உண்டு.

3. பகிர்வின் நான்கு படிகள்

மகிழுந்து நிறுவனங்களுக்கிடையே நிகழும் பகிர்வை நான்கு படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதற்படி, பொதுவான வழங்குநர். ஒரே நிறுவனத்திடம் பலர் பாகம் வாங்குவது இது. 1980-களில் ஜப்பானின் அசாஹி கண்ணாடி நிறுவனமும் மாருதியும் பங்கேற்க இந்தியாவில் தொடங்கப்பட்ட அசாஹி இந்தியா நிறுவனம் இதற்குச் சான்று. மாருதிக்காகத் தொடங்கிய அந்நிறுவனம் இன்று மாருதியோடு போட்டியிடும் நிறுவனங்கள் பலவற்றுக்கும் கண்ணாடி வழங்குகிறது. சாலையோரம் நிற்கும் வண்டிகளின் சன்னல் கண்ணாடி மூலையை உற்றுநோக்கினால், வெவ்வேறு பெயர் கொண்ட வண்டிகளில் 'ஏ.ஐ.எஸ்.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இரண்டாம் படி, பெரும் பாகத்தைப் பிறரிடம் பெறுதல். எஞ்சின், கியர் பெட்டி போன்ற முதன்மைப் பாகங்களை மற்றொரு மகிழுந்து நிறுவனத்திடமிருந்தே பெறுவது இது. அம்பாசிடருக்கு இசுசூ எஞ்சின் வந்தது இவ்வகையைச் சாரும்.

மூன்றாம் படி, இலச்சினை மாற்றம். ஒரு நிறுவனம் செய்த முழு வண்டியை மற்றொரு நிறுவனம் வாங்கித் தன் இலச்சினையைப் பொருத்தி விற்பது இது. 2019-இல் இந்தியாவில் வெளிவந்த டொயோட்டா கிளான்சா, சுசூகி தயாரித்த பலேனோவே ஆகும். இதற்கு முன்பே, 2009 முதல், மாருதி சுசூகியின் மானேசர் ஆலையில் செய்த சிறு வண்டி 'நிசான் பிக்சோ' என்னும் பெயரில் ஐரோப்பாவில் விற்கப்பட்டது. அதே வண்டியைச் சுசூகியும் தன் பெயரில் அங்கே விற்றது.

நான்காம் படி, கூட்டாக உருவாக்குதல். அடித்தளம், எஞ்சின், ஆலை ஆகியவற்றை இரு நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டு ஒரு வண்டியைப் படைப்பது இது. 2012-இல் வெளிவந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஆகிய இரட்டை வண்டிகளில் எஞ்சின் சுபாருவுடையது. எரிபொருளைச் செலுத்தும் நுட்பம் டொயோட்டாவுடையது. இரண்டும் ஜப்பானின் குன்மா மாவட்டத்தில் உள்ள சுபாரு ஆலையில் உருவாயின. இந்தியாவில் 2022-இல் வந்த மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவையும் இவ்வகையின. வண்டியை வடிவமைத்தது சுசூகி. மின்னோட்டமும் பெட்ரோலும் இணைந்து இயங்கும் முழுமையான கலப்பு நுட்பத்தைத் தந்தது டொயோட்டா. இரண்டும் உருவானது கருநாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில்.

ஜப்பானிய நிறுவனம் பிறநாட்டு நிறுவனத்தோடு இவ்வாறு இணைவதும் உண்டு. சென்னைக்கு அருகில் உள்ள ஓரகடத்தில் 2010-இல் திறக்கப்பட்ட ஆலையில் ஜப்பானின் நிசானும் பிரான்சின் ரெனோவும் கைகோத்தன. நிசான் மைக்ராவும் ரெனோ பல்ஸும், ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் அங்கே உடன்பிறப்புகளாய்ப் பிறந்தன.

4. பகிர்வது ஏன்?

மகிழுந்தின் கதவைச் செய்ய, எஃகுத் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகள் வேண்டும். அவ்வச்சுகளைச் செய்ய ரூபாய் 10 கோடி ஆகிறது எனக் கொள்வோம். ஒரு நிறுவனம் தனித்து 1 லட்சம் வண்டிகள் செய்தால், ஒவ்வொரு வண்டியின் மீதும் ரூபாய் 1,000 அச்சுச் செலவாக ஏறும். மற்றொரு நிறுவனமும் அதே அச்சைப் பயன்படுத்தி மேலும் 1 லட்சம் வண்டிகள் செய்தால், அச்செலவு ரூபாய் 500 ஆகக் குறையும். கதவு ஒன்றுக்கே இவ்வளவு எனில், எஞ்சின், அடித்தளம், மின்னணுக் கருவிகள் என அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் மீதமாகும் தொகை மிகப் பெரிது. அத்தொகை விலைக்குறைப்பாக வாங்குபவரைச் சேரலாம். புதிய ஆய்வுக்கும் பயன்படலாம்.

சிறிய வண்டிகளில் இக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது. ஜப்பானில் 'கேய்' எனப்படும் சிறு மகிழுந்து வகை உண்டு. எஞ்சின் 660 கன சென்டிமீட்டருக்கும், நீளம் 3.4 மீட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வண்டி ஒன்றில் கிடைக்கும் ஆதாயம் சிறிது. எனவே, மாஸ்டா நிறுவனம் இவ்வகை வண்டியைத் தானே உருவாக்குவதைக் கைவிட்டு, சுசூகியின் வண்டிகளைப் பெற்றுத் தன் பெயரில் விற்கிறது. சுசூகியின் வேகன்-ஆர் அங்கே 'மாஸ்டா பிளேர்' ஆகிறது. நிசானும் மிட்சுபிஷியும் இத்தகைய சிறு வண்டிகளைக் கூட்டாக உருவாக்குவதற்கென்றே 2011-இல் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கின.

தம்மிடம் இல்லாததைப் பெறுவதும் மற்றொரு காரணம். 1990-களின் தொடக்கத்தில் ஹோண்டாவிடம் நல்ல சிறு மகிழுந்துகள் இருந்தன. மேடு பள்ளங்களில் செல்லும் உயரமான வண்டி இல்லை. இசுசூவிடம் அத்தகைய உயரமான வண்டிகள் இருந்தன. சிறு மகிழுந்துகளை உருவாக்கும் பொருள்வலிமை இல்லை. எனவே, 1993 முதல் 2002 வரை இரு நிறுவனங்களும் வண்டிகளைப் பரிமாறிக்கொண்டன. ஹோண்டாவின் டொமானி 'இசுசூ ஜெமினி' ஆயிற்று. இசுசூவின் ரோடியோ அமெரிக்காவில் 'ஹோண்டா பாஸ்போர்ட்' ஆயிற்று. அம்பாசிடருக்கு எஞ்சின் தந்த இசுசூவும் பிறர் உதவியை நாட வேண்டிய நிலை இருந்தது என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. இது ஏமாற்றா?

ஒரே வண்டியை இரு பெயர்களில் விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது ஆகாதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. உண்மையை மறைத்தால் அது ஏமாற்றே. ஆனால், சுசூகியும் டொயோட்டாவும் இந்தியாவில் வண்டிகளை ஒன்றுக்கொன்று வழங்கிக்கொள்ளப் போவதை 2018-இலேயே வெளிப்படையாக அறிவித்தன. அறிந்து வாங்குபவருக்கு அது ஏமாற்றம் தருவதில்லை. மாறாக, ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தருகிறது.

கிளான்சா வெளிவந்தபோது பலேனோவுக்குச் சுசூகி 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் அளித்தது. அதே வண்டிக்குக் கிளான்சா என்னும் பெயரில் டொயோட்டா 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை உத்தரவாதம் அளித்தது. மறுபுறம், மாருதி சுசூகியின் பழுதுபார்ப்பு நிலையங்கள் சிற்றூர்கள் வரை பரவியிருந்தன. வண்டி ஒன்றாயினும், விற்றபின் துணைநிற்கும் முறையில் இரு நிறுவனங்களும் போட்டியிட்டன. ஆகவே, பகிர்வு போட்டியை அழிப்பதில்லை. போட்டி நடக்கும் இடத்தை மாற்றுகிறது.

எனினும், வாங்குபவர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முகப்பில் உள்ள இலச்சினையை மட்டும் நம்பி, அதிக விலை கொடுத்தால் அதிகத் தரம் கிடைக்கும் என்று எண்ணுவது எப்போதும் பொருந்தாது. வண்டியைச் செய்தவர் யார், உத்தரவாதம் அளிப்பவர் யார், பழுது ஏற்பட்டால் பொறுப்பேற்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தபின் வாங்குவதே நன்று.

6. ஒரு வளையம் நின்றால்

பகிர்வுக்கு மறுபக்கமும் உண்டு. பலர் ஒரே கிணற்றில் நீர் இறைத்தால், கிணறு வற்றும் நாளில் அனைவர் வீட்டுக் குடமும் வெறுமையாகும்.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் காரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலையொன்றில் தீப்பற்றியது. பின்சக்கரங்களின் பிரேக் அழுத்தத்தை அளவாக வைத்து, வண்டி வழுக்காமல் காக்கும் சிறு அடைப்பான் அங்கே செய்யப்பட்டது. கையில் அடங்கும் அப்பாகத்தை டொயோட்டா ஏறத்தாழ முழுவதும் அந்த ஓர் ஆலையிலிருந்தே பெற்றுவந்தது. தேவையான பாகத்தைத் தேவையான நேரத்தில் மட்டும் வரவழைப்பது டொயோட்டாவின் முறை. ஆதலால் இருப்பு சில மணி நேரத்துக்கே போதுமானதாக இருந்தது. சில நாள்களில் ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான உற்பத்தி நின்றது.

அப்போது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. ஐசின் தன் வரைபடங்களைப் பிற நிறுவனங்களிடம் தந்தது. ஏறத்தாழ 60 நிறுவனங்கள் தம் வேலையை ஒதுக்கிவைத்து அந்த அடைப்பானைச் செய்ய முன்வந்தன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ ஒரு வாரத்தில் உற்பத்தி பெருமளவு மீண்டது. விலை பேசி முடிக்கும் முன்பே வேலை தொடங்கியது என்பதே இந்நிகழ்வின் சிறப்பு.

இவ்வுதவி டொயோட்டாவைச் சார்ந்த வட்டத்துக்குள் நிகழ்ந்தது. பகைவர்போல் போட்டியிடுவோரே ஒன்றுகூடிய நாள் பத்தாண்டுகளுக்குப் பின் வந்தது. 2007 ஜூலை 16 அன்று நீகட்டா மாவட்டத்தில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. காஷிவாசாகி நகரில் இருந்த ரிக்கன் ஆலையின் இயந்திரங்கள் பெயர்ந்து சாய்ந்தன. எஞ்சினுக்குள் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் காக்கும் வளையத்தை அவ்வாலை செய்துவந்தது. விலை மிகக் குறைந்த சிறு வளையம் அது. ஆனால் ஜப்பானின் மகிழுந்து நிறுவனங்கள் அனைத்தும் அந்த வளையத்தை நம்பியிருந்தன. டொயோட்டா, நிசான், ஹோண்டா, சுசூகி, மிட்சுபிஷி எனப் பெயர்பெற்ற நிறுவனங்களின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

அந்நிறுவனங்கள் தம் பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் நூற்றுக்கணக்கில் காஷிவாசாகிக்கு அனுப்பின. வெவ்வேறு நிறுவனங்களின் சீருடை அணிந்தவர்கள் ஒரே கூடத்தில் சாய்ந்த இயந்திரங்களை நிமிர்த்தினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளையங்கள் மீண்டும் வெளிவரத் தொடங்கின. 2011 மார்ச் 11 பேரிடரின்போதும் இதுவே நிகழ்ந்தது. இபராகி மாவட்டத்தில் வண்டிகளுக்கான நுண்சில்லுகளைச் செய்யும் ரெனெசாஸ் ஆலை சேதமுற்றபோது, மகிழுந்து நிறுவனங்களும் பிறரும் அனுப்பிய பணியாளர்கள் இரவு பகலாக உழைத்து, ஜூன் மாதத் தொடக்கத்தில் அதை மீண்டும் இயங்கச் செய்தனர்.

நிலநடுக்கத்தைவிடக் கொடியது பாகத்துக்குள் மறைந்திருக்கும் குறை. ஜப்பானின் டகாட்டா நிறுவனம், மோதலின்போது விரிந்து உயிர்காக்கும் காற்றுப்பைகளை ஹோண்டா, டொயோட்டா, நிசான், மாஸ்டா உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கு வழங்கியது. பையை விரிக்கும் வேதிப்பொருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் காலப்போக்கில் சிதைந்து, பை விரியும்போது உலோகத் துண்டுகள் தெறிக்கும் குறை வெளிப்பட்டது. உயிர்காக்க வேண்டிய கருவியால் உயிரிழப்புகள் நேர்ந்தன. உலகெங்கும் பல கோடி வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் டகாட்டா நிறுவனம் நொடித்துப்போனது. ஒரே பாகத்தை அனைவரும் பகிரும்போது, அதைச் சோதிக்கும் பொறுப்பையும் அனைவரும் ஏற்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

7. எல்லை எங்கே?

பகிர்வு வளர்ந்து இரு நிறுவனங்கள் ஒன்றாகிவிடுவது எப்போதும் நிகழ்வதில்லை. ஹோண்டாவும் நிசானும் ஒன்றிணைவது பற்றி 2024 டிசம்பரில் பேசத் தொடங்கின. 2025 பிப்ரவரியில் அப்பேச்சு கைவிடப்பட்டது. பாகங்களையும் நுட்பங்களையும் பகிர்வது எளிது. யார் முடிவெடுப்பது என்பதைப் பகிர்வது அரிது.

உத்தர்பாடா ஆலையின் வரலாறும் இங்கே சிந்திக்கத்தக்கது. 1983-இல் சுசூகியின் கூட்டுறவுடன் மாருதி வந்தபின் இந்தியச் சந்தை மாறியது. மாருதியைச் சுற்றி, பாகம் வழங்கும் நிறுவனங்கள் பல தோன்றி வளர்ந்தன. பின்னர் அவை பிறருக்கும் வழங்கின. இசுசூ எஞ்சின் அம்பாசிடரின் வாழ்நாளை நீட்டியது. ஆயினும், ஒரு புதிய எஞ்சின் மட்டும் ஒரு வண்டியைப் புதியதாக்கிவிடாது. வடிவம், ஆலை, முதலீடு ஆகியவையும் உடன் மாற வேண்டும். 1980-களில் ஆண்டுக்கு 20,000-க்கும் மேல் விற்ற அம்பாசிடர், 2013-14-இல் 3,000-ஐயும் எட்டவில்லை. 2014 மே 24 அன்று ஆலையில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வு அதனால் நிலைகுலைந்தது. பாகம், செலவு, ஆதாயம் என்னும் சொற்களுக்குப் பின்னால் மனிதர்களின் வாழ்வு இருக்கிறது என்பதை அந்நாள் காட்டியது.

எதைப் பகிரலாம், எதைத் தனக்கென வளர்க்க வேண்டும் என்பதை உரிய காலத்தில் பிரித்தறிவதே தொழிலில் நிலைபெறும் வழி. வளையத்தைப் பகிரலாம், எஞ்சினைப் பகிரலாம், ஆலையையும் பகிரலாம். வாங்குபவர் வைக்கும் நம்பிக்கையை மட்டும் ஒவ்வொரு நிறுவனமும் தானே ஈட்ட வேண்டும். அதை எவரிடமும் கடனாகப் பெற இயலாது.

அருஞ்சொற்பொருள்

மகிழுந்து – கார்
இலச்சினை – நிறுவனத்தின் அடையாளச் சின்னம்
அடித்தளம் – சக்கரங்களும் எஞ்சினும் பொருந்தும் வண்டியின் அடிப்பகுதி
வழங்குநர் – பாகங்களைச் செய்து தருபவர்
உத்தரவாதம் – குறித்த காலத்துக்குள் பழுதானால் சரிசெய்து தருவதாக அளிக்கும் உறுதி
அடைப்பான் – நீர்மத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி
நுண்சில்லு – மின்னணுக் கருவியின் மூளையாகச் செயற்படும் சிறு வில்லை

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'ஹிந்த் மோட்டார்' நிலையத்துக்கு அப்பெயர் வந்தது எவ்வாறு?
2. 'கேய்' வகை மகிழுந்துக்கு உரிய விதிகள் இரண்டினை எழுதுக.
3. பிஸ்டன் வளையத்தின் பயன் யாது?

ஆ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.
1. பகிர்வின் நான்கு படிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ஐசின் ஆலையில் நிகழ்ந்த உதவிக்கும் ரிக்கன் ஆலையில் நிகழ்ந்த உதவிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பொதுவான பாகத்தால் விளையும் இடரை டகாட்டா நிகழ்வு கொண்டு விளக்குக.

இ. சிந்தித்து எழுதுக.
1. அச்சுச் செலவு ரூபாய் 10 கோடி. 3 நிறுவனங்கள் ஒவ்வொன்றும் 1 லட்சம் வண்டிகள் செய்கின்றன. ஒரு வண்டிக்கு ஏறும் அச்சுச் செலவைக் கணக்கிடுக.
2. 'ஒரே வண்டியை இரு பெயர்களில் விற்பது சரியே' என்னும் கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
வீட்டருகே நிறுத்தப்பட்டுள்ள வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள் ஐந்தின் சன்னல் கண்ணாடி மூலையில் பொறித்துள்ள எழுத்துகளைப் பெரியவர் துணையுடன் குறித்துவருக. எத்தனை வண்டிகளில் ஒரே குறி உள்ளது என அட்டவணைப்படுத்துக. விடுமுறையில் தமிழ்நாட்டுக்குச் செல்லும்போது அங்கும் இவ்வாறே குறித்து, இரண்டையும் ஒப்பிடுக.